ஆவியாகிப் போகும் துளியை அளப்பது



லூனாஸ், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். மங்கு மங்காகச் சேர்த்த பாலை வாளியில் கொண்டு வந்து நிறுக்கும் இடத்தில் வைத்தால், எடை முழு வாளிக்கும் போடுவார்கள். ஆனால் அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று முடிவு சொல்வது அதிலிருந்து எடுக்கும் ஒரு சிறு கரண்டிப் பால்தான். அந்தக் கரண்டிப் பாலை உறைய வைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்த்துக் கிராணி எழுதும் கணக்கில்தான் அன்றைய கூலி இருந்தது. ஆகவே நம் பெரியவர்கள் தராசைப் பார்த்ததைக் காட்டிலும், சாம்பிள் எடுக்கும் கையைத்தான் அதிகம் பார்த்தார்கள். வாளியை நன்றாகக் கலக்காமல் எடுத்த கரண்டி முழு வாளிக்காகவும் பேசாது என்பது அவர்களுக்குப் பாடப் புத்தகம் சொல்லித் தெரிந்த விஷயம் அல்ல.

இன்று நாம் பேசப் போவதும் ஒரு சாம்பிளைப் பற்றித்தான். ஆனால் இது கரண்டி அளவு கூட இல்லை. ஒரு மில்லிலிட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதை மைக்ரோலிட்டர் என்கிறோம். சாதாரண நீர்த்துளி ஒன்றில் இப்படி ஏறக்குறைய ஐம்பது மைக்ரோலிட்டர் இருக்கும். அந்த ஐம்பதில் ஒரு பங்கை, அதுவும் கண்ணெதிரே ஆவியாகிப் போகக் கூடிய ஒரு திரவத்தை, ஊசியால் எடுத்து ஓர் இயந்திரத்திற்குள் சரியாகச் செலுத்துவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. அந்த இயந்திரத்தின் பெயர் கேஸ் குரோமட்டோகிராப். தமிழில் வாயு நிறப்பிரிகைக் கருவி என்று சொல்வார்கள்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். எங்களிடம் படித்துச் சென்ற பிள்ளைகள் இன்று லயத்தோடு நின்றுவிடவில்லை. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தொழிற்சாலை ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் நம் பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்து வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆறாம் படிவத்தில் வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு காரணம். இன்னொரு காரணம் சற்று வேதனையானது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் தோட்டங்களின் வரலாற்றில் குடி செய்த கொடுமை சிறியதல்ல. இதே கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்தில், 1946, 1947ஆம் ஆண்டுகளில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் போராடியது. தொழிலாளியின் கூலி கடையிலேயே கரைந்து போகிறதே என்பது அவர்களுடைய கவலை. கள்ளுக்கடைகள் பின்னாளில் மறைந்தன. ஆனால் சம்சு வந்தது, கள்ளச் சாராயம் வந்தது, போலி முத்திரை ஒட்டிய புட்டிகளும் வந்தன. இவற்றில் சில வேளை கலந்திருக்கும் ஒரு பொருள் கூலியை மட்டும் கொண்டு போவதில்லை. கண்ணையும் உயிரையும் சேர்த்துக் கொண்டு போகிறது. அதுதான் மெத்தனால்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி இந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அங்கும் இறந்தவர்களில் பலர் அன்றாடக் கூலிக்கு உழைத்த மக்கள்.

மெத்தனால் என்ன செய்கிறது? நாம் சாதாரணமாக மது என்று சொல்வதில் இருப்பது எத்தனால். மெத்தனால் அதன் உடன்பிறப்புப் போன்றது. இரண்டும் நிறமற்றவை. குடிப்பவரால் நாக்கை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் மெத்தனால் உடலுக்குள் போனதும் ஈரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்மிக் அமிலம் என்றால் நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய பெயர் அல்ல. ஸ்டோரில் பாலை உறைய வைக்கத் தண்ணீர் கலந்து ஊற்றுகிறோமே, அந்த ஆசிட்தான். பாலை உறைய வைக்கும் அதே பொருள் மனிதனின் கண் நரம்பைக் கெடுக்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. குடித்தவுடன் இது தெரிவதில்லை. பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் கூடக் கழித்துத்தான் வயிற்றுவலியும், மூச்சு வாங்குதலும், கண் மங்கலும் தொடங்குகின்றன.

அப்படிப்பட்ட ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தால், மருத்துவர் நோய்க்குறிகளைக் கண்டே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். எனினும் இரத்தத்தில் மெத்தனால் எவ்வளவு இருக்கிறது என்ற எண் அவருக்கு மிகவும் வேண்டியதாகும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மாற்று மருந்து கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் பின்பற்றும் ஓர் எல்லை. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் தேவையா, அதை எப்போது நிறுத்தலாம் என்பதற்கும் அந்த எண் உதவுகிறது. அந்த எண்ணைத் தருவதற்கு இன்று உலகெங்கும் பயன்படும் கருவி கேஸ் குரோமட்டோகிராப்.

சாலைப் போக்குவரத்திலும் இதே கருவிதான். நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்றிருந்த எத்தனால் வரம்பு 2020ஆம் ஆண்டு 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. 46 என்று வந்தால் ஒரு முடிவு. 54 என்று வந்தால் வேறொரு முடிவு. ஒருவர் சிறைக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் அந்த எட்டு மில்லிகிராம் இடைவெளியில் இருக்கலாம்.

இனிக் கருவிக்குள் போவோம். 1952இல் இங்கிலாந்தில் ஏ. டி. ஜேம்ஸ், ஆர்ச்சர் மார்ட்டின் என்னும் இரு அறிஞர்கள் இந்த முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் பிரித்துக் காட்டியவை எளிதில் ஆவியாகும் அமிலங்கள். அந்த வரிசையில் முதலில் நின்றது நாம் மேலே சொன்ன பார்மிக் அமிலமே. அதே 1952ஆம் ஆண்டில் மார்ட்டினுக்கு, ரிச்சர்ட் சிங் என்பவரோடு சேர்த்து நோபல் பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசு, நிறப்பிரிகை முறையில் அவர்கள் முன்பு செய்திருந்த வேலைக்காக வழங்கப்பட்டது.

கருவியின் அமைப்பை நாம் மூன்று பகுதிகளாக எண்ணிக்கொள்ளலாம். முதற்பகுதி ஊசிவாய். ஏறக்குறைய 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும் ஒரு சிறு அறை. அதன் வாயில் சிலிக்கோன் ரப்பரால் ஆன ஓர் அடைப்பு இருக்கும். ஊசி அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இரண்டாவது, ஓர் அடுப்புப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கும் நீண்ட, மெல்லிய குழாய். ஹீலியம் அல்லது நைட்ரஜன் போன்ற ஒரு வாயு இதன் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வாயு ஆவியான பொருள்களைச் சுமந்து செல்கிறது. குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும் பொருள் சிலவற்றைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது. சிலவற்றைச் சீக்கிரம் விட்டுவிடுகிறது. ஆகவே சேர்ந்து புறப்பட்டவை தனித்தனியே வந்து சேருகின்றன. மெத்தனால் முன்னே வரும், எத்தனால் பின்னே வரும். மூன்றாவது பகுதி வாசலில் எரியும் ஒரு சிறு ஹைட்ரஜன் சுடர். கார்பன் உள்ள பொருள் வந்து அதில் எரியும்போது மின்சாரக் குறிப்பு ஒன்று எழுகிறது. அது தாளில் ஒரு முகடாக வரையப்படுகிறது. முகட்டின் பரப்பு பெரிதானால் பொருள் அதிகம், சிறிதானால் குறைவு.

இப்போது ஒரு கேள்வி. இந்தச் சுடர் பொய் சொல்லுமா? ஒழுங்காகப் பராமரித்தால் சொல்லாது. ஆனால் தன்னிடம் எது வந்து சேர்ந்ததோ அதைப் பற்றி மட்டுமே அது சொல்லும். புட்டியிலிருந்து பறந்து போனதைப் பற்றியோ, ஊசியில் தங்கிவிட்டதைப் பற்றியோ, அடைப்பின் ஓட்டை வழியே கசிந்ததைப் பற்றியோ அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகையால் பிழை பெரும்பாலும் கருவிக்குள் நுழையும் முன்பும் நுழையும் நொடியிலும் நிகழ்கிறது. நாம் கவனம் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

முதலாவதாக, புட்டியில் நடக்கும் இழப்பு. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கிறது. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கிறது. ஈதரோ 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் லூனாஸில் நண்பகல் வெயில் 33, 34 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. கொதிப்பதற்கு முன்பே இத்தகைய திரவங்கள் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். எனவே சாம்பிளைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பெரிய புட்டியில் அடியில் கொஞ்சம் திரவத்தை வைத்தால், மேலே உள்ள வெற்றிடம் முழுவதும் ஆவியால் நிரம்பும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆவி வெளியே போகும். ஆகவே சாம்பிளுக்கு ஏற்ற சிறு புட்டி வேண்டும். அதற்காகக் கழுத்து வரை நிரப்பவும் கூடாது. காற்றுக்கு இடமே இல்லாவிட்டால், ஊசி உறிஞ்சும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து, சரியான அளவு ஊசிக்குள் ஏறாது. ஒரு முறை துளைத்த மூடியை மறுபடி மறுபடி பயன்படுத்தினால் அந்தத் துளை வழியாகவே சாம்பிள் போய்விடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நோயாளியின் இரத்தத்தில் மெத்தனால் 24 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடி சரியில்லாமல் அதில் மூன்றில் ஒரு பங்கு பறந்துவிட்டால் மிஞ்சுவது 16. எல்லையோ 20. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்து 16 என்று எழுதும். அந்தத் தாளைப் படிக்கும் மருத்துவருக்குப் பறந்துபோன எட்டு எங்கே தெரியப் போகிறது?

இரண்டாவதாக, சிரிஞ்சில் நடக்கும் பிழை. ஆய்வுக்கூடங்களில் பொதுவாக 10 மைக்ரோலிட்டர் கொள்ளும் கண்ணாடிச் சிரிஞ்சைப் பயன்படுத்துகிறார்கள். இதில் பலர் மறக்கும் ஒன்று உண்டு. ஊசியின் உள்துளையிலும் திரவம் நிற்கிறது. அதன் அளவு மட்டுமே அரை மைக்ரோலிட்டருக்கும் சற்று மேலாக இருக்கும். சிரிஞ்சின் கோட்டில் ஒரு மைக்ரோலிட்டர் என்று பார்த்து எடுத்தோம். சூடான அறைக்குள் ஊசி நுழைந்ததும், நாம் தண்டை அழுத்துவதற்கு முன்பே, ஊசித் துளையில் இருந்த திரவம் கொதித்து வெளியேறத் தொடங்குகிறது. அப்படியானால் உள்ளே போனது ஒன்றா, ஒன்றரையா? அதோடு, கலவையில் எளிதில் ஆவியாகும் பொருள் முதலில் ஓடிவிடும். எளிதில் ஆவியாகாதது ஊசியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆக, அளவும் மாறிவிடுகிறது, கலவையின் விகிதமும் மாறிவிடுகிறது.

இதற்குக் கைகண்ட வழி ஒன்று இருக்கிறது. சாம்பிளை எடுத்த பிறகு தண்டை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் காற்றை உள்ளே விட வேண்டும். அப்போது திரவம் முழுவதும் ஊசியை விட்டுக் கண்ணாடிக் குழலுக்குள் ஏறிவிடும். குழலில் திரவத்தின் இரு முனைகளும் கண்ணுக்குத் தெரியும். அந்த இரண்டுக்கும் இடையே உள்ளதே உண்மையான அளவு. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாம்பிளை எடுக்கும் விதத்திலும் பக்குவம் வேண்டும். முதலில் அதே சாம்பிளால் சிரிஞ்சை நான்கைந்து தடவை அலசி, அந்த அலசலைக் கழிவுப் புட்டியில் விட வேண்டும். ஊசி திரவத்துக்குள் மூழ்கியிருக்கும்போதே தண்டை மேலும் கீழும் அசைத்துக் காற்றுக் குமிழிகளைப் போக்க வேண்டும். இறுதியாக எடுக்கும்போது மெதுவாக இழுக்க வேண்டும். ஆவியாகும் திரவத்தை வெடுக்கென்று இழுத்தால், அழுத்தம் குறைந்து உள்ளேயே குமிழி உண்டாகும். குமிழி இருக்கும் இடத்தில் சாம்பிள் இல்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஊசியின் வெளிப்புறத்தை மெல்லிய தாளால் ஒரு முறை துடைக்கலாம். ஆனால் ஊசியின் நுனியில் தாளை வைத்துக்கொண்டே இருந்தால் அது உள்ளே உள்ள திரவத்தை உறிஞ்சிவிடும். சிரிஞ்சின் குழலைக் கை முழுவதும் பொத்திப் பிடிப்பதும் நல்லதல்ல. உள்ளங்கைச் சூடே ஈதரை ஆவியாக்கப் போதும்.

மூன்றாவதாக, செலுத்தும் நொடி. ஊசியை நேராகப் பிடித்து, தயங்காமல் அடைப்பைத் துளைத்து, தண்டை ஒரே மூச்சில் அழுத்தி, உடனே வெளியே எடுக்க வேண்டும். உள்ளே வாயுவின் அழுத்தம் இருப்பதால் தண்டு பின்னோக்கி உதைத்துக்கொண்டு வரும். ஆகவே விரலால் தண்டைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் மெதுவாகவும் செலுத்தினால் முகடுகள் ஒன்றுபோல் வரமாட்டா. கைப்பழக்கம் எதுவானாலும் அது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே இங்கு விதி. ஊசி பல தடவை துளைத்த சிலிக்கோன் அடைப்பு நாளடைவில் தளர்ந்து கசியும். வேலை தொடங்குமுன் கசிவைச் சோதிப்பதும், குறித்த எண்ணிக்கை முடிந்ததும் அடைப்பை மாற்றுவதும் ஆய்வுக்கூடத்தின் அன்றாடக் கடமை.

எவ்வளவு செலுத்துவது என்பதிலும் ஓர் எல்லை உண்டு. திரவம் ஆவியானால் எவ்வளவு பெருகும் என்று பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 250 டிகிரிச் சூட்டில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஒரு மைக்ரோலிட்டர் மெத்தனால் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் ஆவியாகிறது. அதாவது ஆயிரம் மடங்கு. ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீரோ இரண்டு மில்லிலிட்டருக்கும் மேலாகப் பெருகும். ஊசிவாயின் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழலோ பொதுவாக ஒரு மில்லிலிட்டர் அளவே கொள்ளும். கருவிக்குள் இருக்கும் அழுத்தம் இந்தப் பெருக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். ஆனாலும் தண்ணீர் கலந்த சாம்பிளைத் தாராளமாக ஊற்றினால் ஆவி குழலை மீறிப் பின்னோக்கிப் பாயும். அப்படிப் பாய்ந்தது குளிர்ந்த மூலைகளில் ஒட்டிக்கொண்டு, அடுத்த சாம்பிளோடு வந்து சேரும். முந்தியவரின் மெத்தனால் பிந்தியவரின் கணக்கில் ஏறினால் எவ்வளவு அநியாயம்! ஆகவே ஒவ்வொரு சாம்பிளுக்குப் பிறகும் சிரிஞ்சை நன்றாக அலச வேண்டும். இடையிடையே வெறும் தண்ணீரையும் செலுத்தி, முகடு எதுவும் எழவில்லை என்று பார்க்க வேண்டும்.

இத்தனை கவனம் வைத்தாலும் மனிதக் கை ஒரு மைக்ரோலிட்டரை ஒவ்வொரு முறையும் அச்சுப்போல் அளக்க முடியுமா? முடியாது. அதை ஒப்புக்கொண்டே அறிஞர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். அதற்குச் சாட்சிப் பொருள் என்று நாம் பெயர் வைத்துக்கொள்வோம். இரத்தத்தில் இயல்பாக இல்லாத, மெத்தனால் போலவே நடந்துகொள்ளும் வேறொரு பொருளை, உதாரணமாக புரோப்பனாலை, எல்லாச் சாம்பிள்களிலும் ஒரே அளவில் முன்கூட்டியே கலந்துவிடுகிறார்கள். பிறகு மெத்தனாலின் முகட்டைத் தனியாகப் பார்ப்பதில்லை. அதைச் சாட்சியின் முகட்டோடு வகுத்து, விகிதத்தைப் பார்க்கிறார்கள்.

மாணவர்கள் தாளில் எழுதிக்கொள்ளலாம். விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மெத்தனால் உள்ள ஒரு தெரிந்த கரைசலைச் செலுத்துகிறோம். மெத்தனால் முகடு 4,000. சாட்சியின் முகடு 8,000. விகிதம் அரை. மறுபடி செலுத்தும்போது கை தவறி முக்கால் பங்குதான் உள்ளே போகிறது. மெத்தனால் 3,000, சாட்சி 6,000. விகிதம் அப்போதும் அரைதான். இனி நோயாளியின் சாம்பிள். மெத்தனால் 3,200, சாட்சி 8,000. விகிதம் 0.4. அரைக்கு 50 என்றால் 0.4க்கு 40. ஆக, அவருடைய இரத்தத்தில் 40 மில்லிகிராம். கை கொஞ்சம் முன்பின் ஆனாலும் கணக்கு கெடவில்லை.

ஆனால் சாட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. தான் வந்து சேர்வதற்கு முன் நடந்ததைச் சாட்சி எப்படிச் சொல்லும்? மூடி தளர்ந்து சாம்பிள் பறந்த பிறகு புரோப்பனாலைக் கலந்து பயனில்லை. சாட்சிப் பொருளை எவ்வளவு சீக்கிரம் சேர்க்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சேர்க்க வேண்டும். இன்னொன்று, இறந்து சில நாளான உடலில் அழுகல் காரணமாகப் புரோப்பனால் தானாகவே உண்டாகக்கூடும். அத்தகைய வழக்குகளில் அது நல்ல சாட்சி ஆகாது. டெர்ஷரி பியூட்டனால் என்னும் வேறொரு பொருளை வைத்துக்கொள்வது நல்லது.

இரத்தத்தை அப்படியே ஊசிவாய்க்குள் செலுத்தினால் அதில் உள்ள புரதமும் உப்பும் கருகி ஊசியையும் குழாயையும் அடைத்துவிடும். ஆகையால் இன்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் திரவத்தைத் தொடாமல், அதன் மேலே நிற்கும் ஆவியை மட்டும் எடுக்கிறார்கள். இதை நம் சமையலறையிலேயே புரிந்துகொள்ளலாம். மூடி வைத்த ரசப் பாத்திரத்தைத் திறந்ததும், ரசத்தைத் தொடாமலே அதில் பெருங்காயம் கூடுதலா, குறைவா என்று நம் அம்மாக்கள் சொல்லிவிடுவார்கள் அல்லவா? மேலே நிற்கும் ஆவி கீழே உள்ளதற்குக் கட்டியம் கூறுகிறது.

செய்முறை இதுதான். கொஞ்சம் இரத்தத்தை, சாட்சிப் பொருள் கலந்த நீரில் ஏறக்குறைய பத்து மடங்கு கரைத்துச் சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றுகிறார்கள். அலுமினிய மூடியை நெரித்து அடைக்கிறார்கள். 60, 70 டிகிரிச் சூட்டில் சிறிது நேரம் வைக்கிறார்கள். திரவத்திலிருந்து மேலே போவதும் மேலிருந்து திரவத்துக்குத் திரும்புவதும் சமமாகும் நிலை வரும். அப்போது மேலே உள்ள ஆவியை எடுத்துக் கருவிக்குள் விடுகிறார்கள். இதில் மூன்று காரியங்கள் மாறக் கூடாது. எல்லாப் புட்டிகளிலும் திரவத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். சூடு ஒன்றாக இருக்க வேண்டும். சமநிலை வரும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஆவியைக் கையால் எடுப்பதானால் சிரிஞ்சையும் சூடாக வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த சிரிஞ்சில் ஆவி மறுபடி நீராகி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பல இடங்களில் இந்த வேலையைத் தானியங்கி இயந்திரம் செய்கிறது. அதன் கை தளர்வதில்லை. முதற் சாம்பிளும் ஐம்பதாவது சாம்பிளும் அதற்கு ஒன்றே. ஆனால் நாம் சரியாக மூடாத புட்டியை அதன் தட்டில் வைத்தால், அது அந்த ஓட்டைப் புட்டியையும் அதே ஒழுங்கோடு அளந்து தரும். எனவே நம்பிக்கைக்கு உரிய ஆய்வுக்கூடம் இயந்திரம் இருக்கிறது என்று இருந்துவிடாது. ஒரே இரத்தத்தை இரண்டு புட்டிகளில் வைத்து இரண்டு முறை அளக்கும். இரண்டு எண்களும் நெருங்கி வராவிட்டால் மறுபடி தொடங்கும். தெரிந்த அளவுள்ள கரைசலைத் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் வைத்துப் பார்க்கும். தன்மையில் வேறுபட்ட இரண்டு சுருள்குழாய்களில் ஓட்டி, மெத்தனால் என்று கண்டது மெத்தனால்தான் என்று உறுதி செய்யும்.

சாம்பிள் ஆய்வுக்கூடத்துக்கு வருமுன்பே கவனம் தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறு செய்தி. மதுச் சோதனைக்காக இரத்தம் எடுக்கும்போது தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. அந்த ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தானே? வேறு மருந்தால் துடைக்க வேண்டும். இரத்தம் உறையாமலும், கிருமிகளால் புளித்து அதில் புதிதாக எத்தனால் உண்டாகாமலும் இருக்க, குழாயில் ஆக்சலேட்டு, புளோரைடு உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். மூடி, முத்திரை, பெயர்ச்சீட்டு, நேரம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகாத நேயர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. லயத்திலோ தாமானிலோ யாராவது சம்சுவோ, மலிவாகக் கிடைத்த புட்டி மதுவோ குடித்துவிட்டு, மறுநாள் கண் மங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால், போதை இன்னும் தெளியவில்லை என்று படுக்க விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். குடித்தது எது, எப்போது என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். புட்டியில் மிச்சம் இருந்தால் அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள். வேறு பாத்திரத்துக்கும் மாற்றாதீர்கள். அதே மூடியை இறுக்கி மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்து, அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள். மலேசிய வேதியியல் துறையின் ஆய்வுக்கூடம் பினாங்கிலும் இருக்கிறது. நீங்கள் இறுக்கிய மூடிதான் அந்த ஆய்வின் முதற்படி.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கருவியைப் பார்த்ததும் அதன் திரையிலும் பொத்தான்களிலும் மனம் போகும். அது இயல்பே. ஆனால் அந்தக் கருவி தரும் எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் உங்களைப் பார்த்ததில்லை. நீங்களும் அவரைப் பார்க்கப் போவதில்லை. அவர் படுக்கையில் கிடக்கலாம், குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம், அல்லது இறந்து போய், ஏன் இறந்தார் என்று அவர் மனைவி மக்கள் பதிலுக்குக் காத்திருக்கலாம். சிரிஞ்சை இன்னொரு முறை அலசுவதும், தளர்ந்த அடைப்பை மாற்றுவதும், ஐயம் வந்தால் மறுபடி அளப்பதும் யாரும் கைதட்டும் வேலைகள் அல்ல. ஆயினும் அவருக்கு நாம் செய்யக்கூடிய நியாயம் அவற்றில்தான் இருக்கிறது. கரண்டிப் பாலை எடுக்கும் கை நேர்மையாக இருக்க வேண்டும் என்று நம் தாத்தா பாட்டிமார் எதிர்பார்த்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு மைக்ரோலிட்டரை எடுக்கும்போதும் அதே நேர்மை வேண்டும்.